பழம் போத்தலும் அதன் பெறுமதியும்



ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை அண்டி வாழும் குடும்பங்கள் சிலவற்றில், தகரப் பெட்டியின் அடியிலோ அலுமாரியின் மேற்றட்டிலோ, பழந்துணியில் சுற்றப்பெற்ற போத்தல் ஒன்று இருப்பதுண்டு. அதன் கழுத்தை மெழுகோ ஈயத்தகடோ மூடியிருக்கும். வயிற்றில் ஒட்டிய தாளில் ஆங்கில எழுத்துகள் மங்கித் தெரியும். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ ஒரு திரவம் அசையும். "பெரிய துரை சீமைக்குப் புறப்பட்ட அன்று எங்கள் தாத்தாவின் கையில் கொடுத்தது" என்பார்கள் வீட்டார். பங்களாவில் அப்புவாகவோ, காவற்காரராகவோ, பூந்தோட்டம் பார்த்தவராகவோ காலங் கழித்த முன்னோர் ஒருவரின் முதுசொம் அது.

அந்தப் போத்தலுக்கு விலை உண்டா? உண்டென்றால் எவ்வளவு? இல்லையென்றால் அதனை என் செய்வது? பதுளைப் பகுதிப் பாடசாலைகளில் ஆசிரியனாகவும் அதிபராகவும் இருந்துவரும் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டோர் ஒருவர் இருவர் அல்லர். ஆங்கிலம் படித்தவர் என்ற எண்ணத்தினால் பாடசாலை வாசலுக்கே போத்தலைக் கொண்டு வருவார்கள். அவர்களுள் இரு சாரார் உண்டு. ஒரு சாரார், பழம்போத்தல் வாங்குபவன் கேட்ட சில்லறைக்கு அதனைக் கொடுத்துவிட எண்ணுவோர். மறு சாரார், இலட்சங்கள் வரும் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேலேயே கடன் வாங்கத் துணிவோர். முன்னவர் இழப்பதும் உண்டு. பின்னவர் இழப்பதோ பெரிது. ஆகவே, இதனை ஆராயும் முறை யாது என்பதை இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

மதுவின் புகழ் பாட நான் வரவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தோட்டத்து வீடுகளில் மது செய்த கேட்டை நாள்தோறும் கண்டவன் நான். குடிப்பதைப் பற்றியதன்று இப்பேச்சு. கைக்கு வந்த பழம்பொருள் ஒன்றை மதிப்பிடுவதைப் பற்றியது.

முதலில், இப்போத்தல்கள் எவ்வாறு இம்மலைகளுக்கு வந்தன என்பதைக் காண்போம். காப்பிப் பயிர் நோயினால் அழிந்தபின் தேயிலை பரவிய காலத்திலே, ஆங்கிலத் தோட்டத்துரைமார் ஊவா மலைகளில் பெருகினர். கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரரான தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்கள் வாங்கினார். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 ஆம் ஆண்டு அப்புத்தளையில் ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகை போன்ற அடிஷாம் இல்லத்தைக் கட்டினார். 1961 முதல் அது துறவியர் மடமாக விளங்குகின்றது. இத்தகைய பங்களாக்களுக்குப் போர்ட், கிளாரட், ஷம்பேன், விஸ்கி எனப் பலவகை மதுவும் கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து மலைநாட்டுக்கும் வந்தன. 1924 ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அதற்கு முன் கடைசிக் காதங்களை மாட்டு வண்டியே கடந்தது. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்படி தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த துரைமார் பலர் சாமான்களைக் கட்டிக்கொண்டு சென்றனர். கட்ட முடியாதவை, கொண்டுபோகத் தகாதவை என்று கருதப்பட்டவை, பங்களா வேலையாட்களின் கைக்கு வந்தன.

இனி மதிப்பிடும் முறைக்கு வருவோம். எந்தப் பழம் போத்தலிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது பிறந்தபோது எத்தன்மையது? இது எவ்வாறு காக்கப்பட்டது? இது இன்னதுதான் என்பதற்குச் சான்று என்ன? விலை என்பது இம்மூன்றின் விடையே அன்றி, வயதின் விடை அன்று.

முதற் கேள்வி பிறப்பைப் பற்றியது. பழையதெல்லாம் சிறந்தது என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பழம்புளியை வைத்தியர் தேடுவர். பழைய அரிசியைச் சமையற்காரர் விரும்புவர். ஆனால் தேயிலையை எண்ணிப் பாருங்கள். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது பறிக்கும் ஊவாத் தேயிலையின் நறுமணம் உலகப் புகழ் பெற்றது. அதனை முப்பது ஆண்டு பெட்டியில் வைத்திருந்து ஒருவன் விற்க வந்தால், வாங்குவார் உண்டோ? உலகில் உண்டாகும் வைனிற் பெரும்பகுதி இத்தேயிலை போன்றதே. சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுவது. புளியைப் போல் முதுமையால் மேன்மையடைவன சிலவே: நல்ல ஆண்டின் போர்ட், பிரான்சு நாட்டுப் போர்தோ மாவட்டத்தின் உயர்ந்த சிவப்பு வைன், சோத்தேர்ண் என்னும் இனிப்பு வைன், மடீரா ஆகியன இவ்வகையின. விஸ்கியும் பிராந்தியும் வேறு இனம். அவை மரப்பீப்பாயில் இருக்கும்வரையே முதிரும். கண்ணாடிக்குள் அடைபட்டபின் முதிர்வதில்லை. பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்ததாக அடைக்கப்பட்ட விஸ்கி, ஐம்பது ஆண்டு கழிந்தும் பன்னிரண்டு ஆண்டு விஸ்கியே. ஆயினும் கெட்டுப்போகாமல் நெடுநாள் இருக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. சேகரிப்போர் அவற்றைத் தேடுவதற்குக் காரணமும் அதுவே.

இரண்டாம் கேள்வி காப்பைப் பற்றியது. நம் நாட்டுப் போத்தல்களுட் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான். வைன் உயிருள்ள பொருள் போன்றது. ஏறத்தாழ 12, 13 பாகை செல்சியஸ் குளிரும், இருட்டும், அசைவின்மையும் அதற்கு வேண்டும். தக்கை காயாதிருக்கும் பொருட்டுப் போத்தலைக் கிடையாக வைக்கவும் வேண்டும். பதுளையின் சராசரி வெப்பமோ 23 பாகை அளவினது. அப்புத்தளைப் பங்களாவின் குளிர்ந்த அறையில் ஓரளவு பிழைத்த போத்தல், லயத்துத் தகரக் கூரையின் கீழ் வந்தபின் பகலில் வெந்தும் இரவில் நடுங்கியும் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். வெப்பத்தில் வைன் விரிந்து தக்கையை வெளியே தள்ளும். குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றுப் பட்ட வைன் நிறம் மாறும். பிறகு புளித்துக் காடியாகும். மடீரா ஒன்றே இதற்கு விலக்கு. கப்பலின் அடித்தட்டில் வெப்ப மண்டலக் கடல்களைக் கடந்து வந்த பீப்பாய்களில் அதன் சுவை மேம்பட்டதைக் கண்ட வணிகர், பின்னர் வேண்டுமென்றே அதனைச் சூட்டில் வைத்து முதிர்வித்தனர்.

நற்காப்பு எத்தகைய வியப்பைச் செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2010 ஆம் ஆண்டு, பால்டிக் கடலில் ஆலண்ட் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றில் 168 ஷம்பேன் போத்தல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடலடியில் கிடந்தும், குளிரும் இருளும் அவற்றைக் காத்திருந்தன. 2011 ஆம் ஆண்டு ஏலத்தில் அவற்றுள் ஒன்று 30,000 யூரோவுக்கு விலைபோயிற்று. இத்தகைய செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டே நம்மவர் கனவு காண்கின்றனர். ஆழ்கடலின் குளிர் வேறு. தகரக் கூரையின் வெப்பம் வேறு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

காப்பு எத்தகையது என்பதைப் போத்தலைத் திறவாமலே அறியலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, திரவம் எம்மட்டில் நிற்கின்றது என்று பாருங்கள். கழுத்தளவில் நின்றால் நன்று. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால், தக்கை கசிந்து காற்றுப் புகுந்துவிட்டது என்பது பொருள். வெள்ளை வைன் தேநீர்ச் சாயம் போல் கறுத்திருந்தால் அதன் காலம் முடிந்தது. சிவப்பு வைனிலும் போர்ட்டிலும் அடியில் மண்டி படிந்திருப்பது மட்டும் குற்றமன்று, அது இயல்பே. தக்கை உட்சென்றிருந்தாலும், வெளித்தள்ளி நின்றாலும், மூடிய தகட்டின் ஓரத்தில் ஒட்டும் பசை காய்ந்திருந்தாலும் நல்ல அறிகுறி அன்று.

மூன்றாம் கேள்வி சான்றைப் பற்றியது. பெரும் பணம் கைமாறும் இடத்தில் இதுவே தலையாயது. 1985 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில், 1787 எனப் பொறித்த லபீட் வைன் போத்தல் ஒன்று 105,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தோமஸ் ஜெபர்சனுக்குரியது என்று அதனைக் கூறினர். அவர் பெயரின் முதலெழுத்துகள் கண்ணாடியில் பொறிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஜெபர்சனோ வாங்கிய பொருள்களுக்கு நுணுக்கமாகக் கணக்கு எழுதிவைத்தவர். அக்கணக்குகளில் அப்போத்தலுக்குச் சான்று இல்லை என்று அவர் இல்லத்தின் ஆய்வாளர் அப்போதே ஐயுற்றார். அதே கூட்டத்துப் போத்தல்கள் சிலவற்றை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஒருவர் பின்னர் அமர்த்திய ஆய்வாளர்கள், எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்றனர். மற்றுமொன்று: 2008 ஆம் ஆண்டு நியூயோர்க் ஏலமொன்றுக்கு, பிரான்சின் பொன்சோ குடும்பத்தார் செய்ததாகப் பழைய ஆண்டுகள் குறித்த போத்தல்கள் வந்தன. 1980களுக்கு முன் அந்தப் பெயரில் தங்கள் குடும்பம் வைன் செய்ததே இல்லை என்று அக்குடும்பத்தவர் நேரில் வந்து கூறவே, அவை ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்த ரூடி குர்னியவான் என்பவருக்கு 2014 ஆம் ஆண்டு பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போத்தலைப் போலியாகச் செய்யலாம். தாளையும் போலியாக ஒட்டலாம். ஆகவே வாங்குவோர், "இது எங்கே இருந்தது? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர்.

இதனை நம் ஊர் நிகழ்ச்சியொன்றால் விளக்குகிறேன். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் மூன்று போத்தல்களுடன் வந்தான். அவனுடைய பாட்டனார் பங்களாக் குசினியில் முப்பது ஆண்டு சமைத்தவர். தங்கையின் தாதியர் பயிற்சிச் செலவுக்குப் பணம் வேண்டும். அதனால் விற்க வேண்டும் என்றான். ஒன்று போர்ட், அதன் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்றது வெள்ளை வைன், கறுத்துவிட்டது. மூன்றாவது விஸ்கி, முத்திரை உடையாமல், மட்டம் குறையாமல் இருந்தது.

"வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மூன்றுக்குமாகப் பதினைந்தாயிரம் தருகிறார் ஐயா. ஆனால் துரை கொடுத்த கடுதாசியையும் சேர்த்துத் தர வேண்டுமாம்" என்றான்.

கடிதம் எது என்று கேட்டேன். புறப்படும் துரைமார் வேலையாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் நற்சான்றுக் கடிதம் அது. தோட்டத்தின் பெயர், திகதி, பாட்டனாரின் பெயர், அவர் செய்த பணி, கையொப்பம் அனைத்தும் இருந்தன. இறுதியில், அலுமாரியில் எஞ்சியவற்றை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது.

"தம்பி, கெட்டுப்போன இரண்டு போத்தலுக்கும் ஒரு விஸ்கிக்கும் அவன் பணம் தரவில்லை. இந்தக் கடிதத்துக்குத்தான் தருகிறான். இதனைக் கையில் வைத்துக்கொண்டு, நாளை வேறு எத்தனை போத்தல்களையும் ஊவாப் பங்களாவிலிருந்து வந்தவை என்று காட்டி விற்கலாம். உன் தாத்தாவின் நற்பெயர் யாரோ ஒருவனுடைய பொய்க்கு முத்திரையாகும்" என்றேன்.

மூன்று போத்தல்களையும் படமெடுத்து, வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பச் செய்தேன். முதலிரண்டுக்கும் விலையில்லை, மூன்றாவதற்கு ஓரளவு விலை உண்டு, ஆனால் அனுப்பும் செலவும் தீர்வையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம் என்று பதில் வந்தது. தங்கையின் படிப்புக்கு அவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இதனை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நம் வீட்டுப் போத்தல்களிற் பெரும்பாலானவற்றின் முடிவு இதுவே. ஆயினும் கடிதம் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றது.

கடுதாசியின் பெறுமதியை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதும் உண்டோ? 1921 ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரை, கடனைக் குறித்துத் தோட்டம் எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இன்றித் தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனைக் கேட்டபோது, 1946 ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தவர்கள், அதனைக் காட்ட ஒரு தாள் இன்றி நின்றனர். வாழ்ந்த காலம் நீண்டது; சான்று குறுகியது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எத்தனையோ குடும்பங்கள் அதன் விலையைச் செலுத்தின. போத்தல் உலகிலும் விதி இதுவே: வயது தானே பேசாது, சான்றுதான் அதற்காகப் பேச வேண்டும்.

வெற்றுப் போத்தலையும் எளிதாக எண்ணாதீர்கள். தோட்டத்து வீடுகளில் மண்ணெண்ணெய்க்கும் தேனுக்கும் குப்பி விளக்குக்கும் பயன்பட்டவை அவை. பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டைப் பாருங்கள். அது வாயின் விளிம்புவரை ஏறினால் இயந்திரத்தில் வார்த்தது. 1903 ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி இயந்திரத்துக்குப் பிற்பட்டது. கழுத்திலேயே கோடு மறைந்து, வாய் தனியே கையால் ஒட்டப்பட்டதாகத் தோன்றினால், பெரும்பாலும் அதற்கு முற்பட்ட முறையில் ஆனது. கோலிக்குண்டு அடைத்த சோடாப் போத்தல் 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் கொட் என்பவர் கண்ட முறை. இவற்றைச் சேகரிப்போர் உள்ளூரிலும் உண்டு.

புறநானூற்றுப் புலவர் நக்கீரர், யவனர் கலங்களிற் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதாகப் பாடுகின்றார். அந்த மதுவில் ஒரு துளியும் இன்று இல்லை. ஆனால் 1945 ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. புலவர் பாடிய வாணிகத்துக்கு அந்த ஓடுகள் சாட்சி கூறின. உள்ளிருந்தது போனபின்னும் கலம் பேசும், அது கிடந்த இடம் தெரிந்திருந்தால்!

முடிவாகச் செய்யத்தக்கன சில கூறுவேன். போத்தலைத் திறவாதீர்கள், சுவை பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது எழுத்தில் உள்ளதுதானா என்பதற்கு உறுதியில்லை. பழைய மூடித்தகடுகள் பல ஈயத்தால் ஆனவை. துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள், தாளை ஈரத்துணியால் தொடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, தக்கை, திரவத்தின் மட்டம் ஆகியவற்றைப் படமெடுங்கள். பெயர் பெற்ற ஏல நிறுவனங்கள் படத்தைப் பார்த்துப் பெரும்பாலும் கட்டணமின்றியே மதிப்புரைக்கும். மதிப்பிடுவதற்கு முன்பணம் கேட்பவனை நம்பாதீர்கள். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி மது விற்பது குற்றம். ஆகையால் விற்க எண்ணுவோர் முதலில் மதுவரித் திணைக்களத்தில் கேட்டுத் தெளியுங்கள். விலை கையில் வருமுன் அதனை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எல்லாவற்றினும் முதலாக, வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்: எந்தத் தோட்டம், எந்தப் பங்களா, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, கொடுத்தவர் என்ன சொன்னார், வாங்கியவர் அங்கு என்ன வேலை செய்தார். துரைமாரின் வாழ்க்கையைத் துரைமாரே நூல்களாக எழுதிச் சென்றனர். அவர்களுக்குச் சமைத்தவர், துவைத்தவர், விளக்கேற்றியவர் வாழ்க்கையை எழுதியோர் மிகச் சிலர். உங்கள் போத்தலுக்குச் சந்தையில் விலை இருந்தால் அந்த எழுத்து அதனை உயர்த்தும். விலை இல்லாவிட்டால், உங்கள் பாட்டனார் இம்மலையில் வாழ்ந்து உழைத்தார் என்பதற்கு அந்த எழுத்து சான்றாக நிற்கும். தக்கை இற்றுப்போகலாம், வைன் காடியாகலாம். சொல்லக்கூடிய முதியவர் மறைந்தபின் கேட்டறிய வழியில்லை. ஆதலால் இன்றே கேளுங்கள்.